ஐந்து டப்பா பிரேக் ஆயில் ஊற்றியும் பெடல் இறங்குகிறதா?

கேள்வி இதுதான்: 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை மடக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), பிரிட்டனில் விற்ற வண்டி. இரண்டு ஆண்டுகள் ஓடாமல் நின்றிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் தள்ளும் பிஸ்டன் இருப்பது), முன் காலிப்பர்களின் (டிஸ்க்கைக் கவ்வுபவை) சீல்கள், பின் வீல் சிலிண்டர்கள் (ஷூக்களைத் தள்ளுபவை), மூன்று ரப்பர் ஹோஸ்கள், பின் ஷூக்கள் (டிரம்மின் உட்சுவரில் உரசிப் பிடிப்பவை) எல்லாமே புதிது. நான்கு சக்கரங்களின் பிரேக்கிலிருந்தும் மூன்று முறை காற்று எடுத்தாகிவிட்டது. ஐந்து டப்பா பிரேக் ஆயில் காலி. கடைசி முறை குழாயில் ஒரு குமிழ்கூட வரவில்லை. ஆனாலும் முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறது. மீதிக் காற்று எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. குமிழ் வரவில்லை என்கிறீர்கள். இரண்டாவது மிதியில் பெடல் மேலே வந்து கெட்டியாக நிற்கிறது என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வண்டியில் காற்று அறவே இல்லாமலும் இருக்கலாம். ஆறாவது டப்பாவை வாங்குவதற்கு முன் காற்று எடுக்கும் திருகான நிப்பிள் பக்கமே போகாமல் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

பெடல் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். "பெடல் சரியில்லை" என்று வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எப்படிச் சரியில்லை என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். காற்று இருக்கும் பெடல் பஞ்சுபோல் இருக்கும்; எங்கே நிற்கிறது என்றே தெரியாது, அழுத்த அழுத்த இன்னும் கொஞ்சம் போகும், காலை எடுக்கும்போது தள்ளிவிடும். இடைவெளி அதிகமாக இருக்கும் பெடல் வேறு. அது வெகுதூரம் சும்மா போகும், பிறகு சட்டென்று கல்லைப்போல் நிற்கும். மூன்றாவது வகை, மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குவது. அது மாஸ்டர் சிலிண்டரின் சீலாக இருக்கும், இல்லாவிட்டால் எங்கோ கசிவு. நான்காவது, மிதிக்கும்போது கெட்டியாகவே இருந்தாலும் ஸ்பிரிங்கைப் போல லேசாகத் துள்ளுவது. இதைக் காற்று என்று நினைத்துப் பலரும் ஏமாறுவார்கள். இதற்குப் பெரும்பாலும் புது ஷூக்களே காரணம், பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொல்வது இரண்டாவது வகைபோல் இருக்கிறது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 2.85 சதுர சென்டிமீட்டர். உள்ளே ஒரு மில்லிலிட்டர் காற்று இருந்து, அது முழுக்க நசுங்கினால் மாஸ்டரின் பிஸ்டன் 3.5 மில்லிமீட்டர் வீணாக நகரும். பெடலின் நெம்புவிகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால் உங்கள் கால் 17 அல்லது 18 மில்லிமீட்டர் கீழே போகும். இப்போது காற்றே இல்லை, ஆனால் பின் டிரம்களில் ஷூக்கள் ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றன என்று வையுங்கள். இரண்டு வீல் சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிஸ்டன்கள், ஆக நான்கு பிஸ்டன்கள். விட்டமும் கிட்டத்தட்ட மாஸ்டரின் விட்டமே என்றால், மாஸ்டர் 4 மில்லிமீட்டர் நகர வேண்டும். கால் 20 மில்லிமீட்டர் இறங்கும். ஒரு மில்லிலிட்டர் காற்றை விட, ஒரு மில்லிமீட்டர் தளர்ந்த ஷூ அதிகம் தின்கிறது. காற்றைத் தேடி ஐந்து டப்பா செலவழித்த நீங்கள், அந்த ஷூவுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள்?

எம்ஜிபியில் முன்னால் 10.75 அங்குல டிஸ்க், பின்னால் 10 அங்குல டிரம். பின் பிரேக் தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை அல்ல. 1962இல் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரிப்பைத் தொடங்கியது முதல் 1980இல் அந்தக் கதவை மூடியது வரை, பின் ஷூவை மனிதக் கைதான் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஷூக்களைத் தாங்கும் ஒவ்வொரு பின்தட்டுக்கும் வெளியே ஒரு சின்னச் சதுரத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அட்ஜஸ்டர். புதிய ஷூ மாட்டும்போது டிரம் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக அதை முழுக்கத் தளர்த்தியிருப்பீர்கள். திரும்ப எந்த அளவுக்கு இறுக்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சோதனை மிக எளிது. முன் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். அட்ஜஸ்டருக்கென்று உள்ள சதுர வாய் ஸ்பேனரால், பின்தட்டின் பின்புறத்திலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் திருப்புங்கள். சாதாரண ஸ்பேனரைப் போட்டால் சதுரம் உருண்டையாகிவிடும். பல வண்டிகளில் எனக்கு முன்னால் கைவைத்தவர் அதை உருட்டித்தான் வைத்திருப்பார். துரு பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு வையுங்கள். திருப்பத் திருப்ப, கால் சுற்றுக்கு ஒரு முறை "டக்" என்று ஒரு படி தாண்டுவது கையில் தெரியும். சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி பூட்டிக்கொள்ளும் வரை திருப்புங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. இரண்டும் பூட்டிய நிலையில் உள்ளே போய் உட்கார்ந்து பெடலை ஒரே ஒரு முறை மிதியுங்கள்.

பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் கெட்டியாக நின்றால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. காற்று இல்லை, ஷூவின் இடைவெளிதான். இனி ஒழுங்காகச் சரிசெய்ய வேண்டும். பெடலைச் சில முறை ஓங்கி மிதித்தால் ஷூக்கள் டிரம்முக்குள் நடுவாக அமரும். அமர்ந்ததும் அட்ஜஸ்டர் இன்னொரு படி திரும்பும். அது முடிந்தபின் சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை படிப்படியாகத் தளர்த்துங்கள். லேசாக உரசும் சத்தம் கேட்டால் கவலை வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கண்ணி உண்டு. ஹேண்ட்பிரேக் கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் ஷூக்கள் முழுதாகப் பின்வாங்குவதில்லை. அட்ஜஸ்டரைத் திருப்பும்போது சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஷூவின் ஒரு முனை மட்டுமே வெளியே தள்ளி நிற்கும். ஆகவே ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் முழுக்கத் தளர்த்திவிட்டு, ஷூவைச் சரிசெய்துவிட்டு, கடைசியில்தான் கேபிளைத் தொட வேண்டும். வரிசை மாறினால் வேலை கெட்டுப்போகும்.

புது ஷூக்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். டிரம் பலமுறை தேய்ந்து, கடைந்து, உள்விட்டம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். புது ஷூவின் வளைவு, புது டிரம்மின் வளைவுக்கு ஏற்றது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஷூவின் நடுப்பகுதி மட்டும் தொடும். சில தயாரிப்புகளில் முனைகள் மட்டும் தொடும். அழுத்தம் கூடும்போது ஷூவே வில்லாக வளையும். அந்த வளைவைத்தான் உங்கள் கால் துள்ளலாக உணர்கிறது. ஷூ மேல் நீளவாக்கில் சாக்பீஸால் கோடுகள் போட்டு, டிரம்மை மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்தபடி கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் அழிந்திருந்தால் எத்தனை டப்பா ஊற்றினாலும் பெடல் துள்ளத்தான் செய்யும். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் தேய்ந்து பொருந்தும். அவசரமானால் ஷூவைப் பொருத்தமாகத் தேய்த்துத் தருபவரிடம் கொடுக்கலாம். பழைய ஷூவின் தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள்; அந்தக் காலத்து ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பின்பக்கத்தைப் பூட்டியும் பெடல் இறங்குகிறதா? அப்படியானால் அடுத்தது ஹோஸை நெரித்து மூடும் ஹோஸ் கிளாம்ப். எம்ஜிபியில் வளையும் ஹோஸ்கள் மூன்றே மூன்று: முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று, பின்னால் பாடியிலிருந்து ஆக்சிலுக்கு ஒன்று. உருண்டையான வாய் கொண்ட ஹோஸ் கிளாம்ப் மூன்று வாங்குங்கள். அதிக விலை இல்லை. பூட்டுக் குறட்டைப் போட்டு நெரிக்காதீர்கள். ரப்பரின் உட்சுவர் கிழிந்துவிடும். எஃகு வலை போர்த்திய ஹோஸ் மாட்டியவர்கள் கிளாம்பையே தொடக்கூடாது. உங்களுடையது ரப்பர், அதனால் பயமில்லை.

மூன்றையும் நெரித்துவிட்டு மிதியுங்கள். பெடல் மேலேயே கல்லாக நின்றால் மாஸ்டர் சிலிண்டரும் இரும்புக் குழாய்களும் நிரபராதிகள். பின் ஹோஸை மட்டும் விடுவித்து மிதியுங்கள். இறங்குகிறதா? பின்பக்கம் குற்றவாளி. இல்லையென்றால் அதைத் திரும்ப நெரித்துவிட்டு முன் இடது, பிறகு முன் வலது. பத்து நிமிடத்தில் வண்டியின் எந்த மூலையில் கோளாறு என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு சக்கரமும் சுற்றிச் சுற்றிக் காற்று எடுப்பது, வீடு முழுக்க இருட்டாக இருக்கும்போது ஃபியூஸைப் பார்க்காமல் ஒவ்வொரு பல்பாக மாற்றுவதற்குச் சமம்.

மூன்றையும் நெரித்தும் பெடல் இறங்கினால் மாஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் உள்சீல் கசிகிறது. புதிதுதானே என்பீர்கள். புதிதாக வாங்கிய உதிரிப்பாகம் நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. பாகம் கிடைக்காத கவலை இல்லை. ஆனால் கிடைக்கும் எல்லாமும் ஒரே தரம் இல்லை. பெட்டியைப் பிரித்து மாட்டிய அன்றே கசிந்த மாஸ்டரை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பழைய மாஸ்டரை வைத்துக்கொண்டே காற்று எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பகுதியில்தான் போய்வரும். ஆழத்தில் இருக்கும் பகுதி பல ஆண்டுகள் தொடாமல் துருவும் பிசினும் படிந்து கிடக்கும். காற்று எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். காலையில் ஓரளவு நன்றாக இருந்த பிரேக், மாலையில் அறவே போய்விட்டது என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். பெடலுக்கு அடியில் இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும்.

புது மாஸ்டர் மாட்டியவர்கள் பார்க்க மறப்பது தள்ளுகம்பியின் தளர்வு. பெடலின் நுனியில் 3 மில்லிமீட்டராவது சும்மா அசைய வேண்டும். அந்த அசைவு இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வருவதில்லை. மாஸ்டருக்குள் தொட்டிக்குப் போகும் ஊசித்துளை ஒன்று இருக்கிறது. சீல் அதை மூடியபடியே நிற்கும். அப்போது மேலே ஏறி வரும் குமிழுக்கு வெளியேற வழியில்லை. பிரேக் ஆயில் தொட்டிக்குத் திரும்பவும் வழியில்லை. ஓடி ஓடிச் சூடேறும்போது பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கமும் உண்டு. பெடலையும் தள்ளுகம்பியையும் இணைக்கும் கிளெவிஸ் பின் என்ற ஆணி பாதி தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் அந்தத் தேய்மானமும் ஐந்து மடங்காகிக் காலில் தெரியும். பெடல் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு கையால் பெடலை மெல்ல அசைத்தபடி டார்ச் அடித்துப் பாருங்கள். சில ரூபாய் பெறாத ஒரு பின்னுக்காக மாஸ்டரையே மாற்றியவர்கள் உண்டு.

முன்பக்கத்துக்கு வருவோம். கிளாம்ப் சோதனை முன் சக்கரத்தைக் காட்டினால் இரண்டு சாத்தியம். முதலாவது, வீல் பேரிங் தளர்வு. சக்கரம் மாட்டும் ஹப் ஆடினால் டிஸ்க்கும் ஆடும். ஆடும் டிஸ்க், பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது அந்த இடைவெளியை நிரப்பவே ஒரு மிதி செலவாகும். இரண்டாவது மிதியில் பிரேக் பிடிக்கும். அறிகுறி உங்கள் கதையைப் போலவே இருக்கும். வேறுபாடு ஒன்றுதான்: நிற்கும் வண்டியில் பெடல் நன்றாக இருக்கும், வளைவான சாலையில் ஓடியபின் முதல் மிதி ஆழமாகும். எம்ஜிபியின் முன் ஹப்பில் இருக்க வேண்டிய அசைவு 0.002 முதல் 0.004 அங்குலம், அதாவது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் மட்டுமே. உள்ளே இருக்கும் ஷிம் எனும் மெல்லிய வளையங்களைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்வார்கள். அந்த ஷிம்கள் தொல்லை என்று தூக்கி எறிந்துவிட்டு நட்டை மட்டும் குத்துமதிப்பாக இறுக்கிய வண்டிகள் நிறைய.

இரண்டாவதில் நானே மாட்டிக்கொண்டேன். காலிப்பர்களைச் சீல் மாற்றி, வர்ணமடித்து, அழகாகத் துடைத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். மாட்டும்போது இடதுக்குரியது வலதிலும், வலதுக்குரியது இடதிலும் போய்விட்டன. போல்ட் எல்லாம் அழகாக உட்கார்ந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து மாலை வரை காற்று எடுத்தேன். குமிழ் வராது, பெடல் பஞ்சு. பக்கத்து வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்தவர், குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் திருகு எப்போதும் கீழேதான் இருக்குமா?" என்றார். கார் பற்றி எதுவும் தெரியாதவர். நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. காற்று மேலே ஒரு மூலையில் சுகமாக உட்கார்ந்திருந்தது. நிப்பிள் எப்போதும் அந்த அறையின் உச்சியில் இருக்க வேண்டும். பின் வீல் சிலிண்டருக்கும் இதே விதி. உங்கள் வண்டியில் காலிப்பரைக் கழற்றியிருக்கிறீர்கள், வீல் சிலிண்டரையும் மாற்றியிருக்கிறீர்கள். ஆகவே நான்கையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே காற்று இருக்கிறது என்று கிளாம்ப் சொன்னால் பழைய முறையிலேயே எடுக்கலாம். வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பின் இடது. அங்கே தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. இருவர் வேலை. ஒருவர் கீழே, ஒருவர் உள்ளே. கீழே இருப்பவர் "மிதி" என்று சொன்னதும் மெதுவாக மிதிக்க வேண்டும். நிப்பிளைத் திறக்க, பெடல் இறங்கும். கட்டையில் முட்டியதும் அப்படியே பிடித்திருக்க வேண்டும். நிப்பிளை மூடியபின் "விடு" என்று கீழிருந்து குரல் வந்த பிறகே காலை எடுக்க வேண்டும். முக்கால்வாசிக் கோளாறு இந்தக் கடைசிச் சொல்லுக்கு முன் காலை எடுப்பதால் வருவது. வெளியே போன காற்று அதே நிப்பிள் வழியாகத் திரும்பி உள்ளே வரும். உதவிக்கு வருபவர் உங்கள்மேல் கோபத்தில் இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வேகமாகக் குத்திக் குத்தி மிதிப்பதும் கூடாது. பெரிய குமிழ் நூறு சின்னக் குமிழாகச் சிதறிவிடும்.

1971ஆம் ஆண்டு வண்டிகளில் மாஸ்டரின் தொட்டி உலோக டப்பா. வெளியிலிருந்து அளவு தெரியாது. ஆறேழு மிதிக்கு ஒரு முறை மூடியைத் திறந்து ஊற்றுங்கள். ஒரு முறை வறண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆள் இல்லாதவர்கள், உதிரிச் சக்கரத்தின் காற்றைக் கொண்டு தொட்டியிலிருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் கருவியை வாங்குகிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் டயரின் அழுத்தத்தை முதலில் 20 பிஎஸ்ஐக்குக் குறைத்துவிட வேண்டும். மாட்டியதும் பிரேக் ஆயிலை நிரப்பாமல் காற்றை மட்டும் விட்டு, மூடியைச் சுற்றிச் சீறுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அரை டப்பா பிரேக் ஆயில் எஞ்சின் அறை முழுக்கப் பீய்ச்சும். அது பட்ட வர்ணம் தோல்போல் உரியும். பட்டால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நிப்பிளில் உறிஞ்சி எடுக்கும் பம்ப் எனக்குப் பிடிக்காத கருவி. அது நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சும். குழாயில் குமிழ் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே காற்று இருக்கிறது என்று நினைத்து டப்பா டப்பாவாகச் செலவழிப்பீர்கள். மரையைச் சுற்றிக் கொஞ்சம் ரப்பருக்கு ஒத்துப்போகும் கிரீஸ் தடவினால் குமிழ் நின்றுவிடும். அப்படி நின்றால், இத்தனை நேரம் வந்தது வெளிக்காற்று.

பெடலை இரவு முழுக்க ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து அழுத்தி வைத்துவிட்டு, காலையில் விடுவித்தால் பெடல் நன்றாகிவிடுகிறது என்பார்கள். நானும் செய்கிறேன், பலன் தருகிறது. அழுத்தத்தில் குமிழ் சுருங்கி, குழாயின் சுவரை விட்டு மேலே நகர்ந்து, காலை விடும்போது தொட்டிக்கு வெளியேறிவிடுகிறது என்பது என் ஊகம். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். முதல் முறை நான் கழற்றவில்லை. இரவெல்லாம் பிரேக் விளக்கு எரிந்து, காலையில் பெடல் நன்றாக இருந்தது, வண்டி கிளம்பவில்லை.

உங்கள் வண்டியில், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வேக்குவம் சர்வோ இருக்கிறதா என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அது விருப்பப்பட்டுச் சேர்த்துக்கொள்ளும் பாகம். பெடலோடு ஒட்டாமல் தனியாக, குழாய்ப் பாதையின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதன் சிலிண்டருக்குள் காற்று தங்கும் இடம் உண்டு. சர்வோவிலிருந்து வெளியே போகும் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, கீழே துணி வைத்து, ஒருவர் மெதுவாக மிதிக்க, கசிந்ததும் மூடினால் அந்தக் காற்று வெளியேறும். எஞ்சின் ஓடக்கூடாது, முதலில் பெடலை ஐந்தாறு முறை மிதித்து மிச்ச வேக்குவத்தையும் காலி செய்யுங்கள்.

அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகள் 1968 மாடல் முதல் இரட்டைச் சுற்று, அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பிரேக் பாதை. அங்கிருந்து திரும்பி வந்த வண்டி என்றால் இரண்டு விஷயம் கூடுதல். இரட்டை மாஸ்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்து, வெளித்துளைகளிலிருந்து குழாயைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழ் நிற்கும் வரை மெதுவாகத் தள்ள வேண்டும். வண்டியில் ஏற்றியபின் அந்தக் காற்றை எடுப்பது பெரும்பாடு. மற்றொன்று, காற்று எடுத்தபின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பதறாதீர்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவில் இருக்கும் சின்ன பிஸ்டன் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. கடைசியாக எடுத்த சுற்றுக்கு எதிர்ச்சுற்றின் நிப்பிளைத் திறந்து, விளக்கு அணையும் வரை பெடலை மிக மெதுவாக அழுத்தி, அணைந்த கணமே நிப்பிளை மூடினால் அது நடுவுக்கு வந்துவிடும்.

பிரேக் ஆயில் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ வேறு எந்தக் கனிம எண்ணெயையோ ஒரு துளி விட்டாலும் சீல்கள் எல்லாம் ஊறி உப்பிவிடும். பிறகு அத்தனை ரப்பரையும் மாற்ற வேண்டும். பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கூடாது. டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டபின் அளந்தால் 155 டிகிரி வரை இறங்க அனுமதி உண்டு. திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த டப்பாவை ஊற்றாதீர்கள். குழாயில் பிடித்ததைத் திரும்பத் தொட்டியில் ஊற்றுவதும் வேண்டாம். அதில் கண்ணுக்குத் தெரியாத குமிழ் நிறைந்திருக்கும்.

வர்ணத்தைக் காப்பாற்ற நினைக்கும் பழைய கார்க்காரர்கள் டாட் 5 சிலிக்கானுக்கு மாறுகிறார்கள். வர்ணத்தை அது ஒன்றும் செய்யாது, உண்மை. ஆனால் காற்றைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். டப்பாவைக் குலுக்கினால், வேகமாக ஊற்றினால், ஓங்கி மிதித்தால் நுண்குமிழ் நிறைந்துவிடும். சிலிக்கான் ஊற்றிய வண்டியில் காற்று எடுத்தால் ஒரு நாள் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஏற்கனவே கிளைக்கால் இருக்கும் அமைப்பில் இதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் பக்கத்து வீடு, குணத்தில் டாட் 4இன் உறவு, அது கிளைக்கால்தான். கடையில் அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிடாதீர்கள்.

புதிதாகக் குழாய் அடித்திருந்தால் நட்டுகளையும் பாருங்கள். இந்த வண்டியின் மரைகள் அங்குல அளவு. முன்னும் பின்னும் பல வண்டிகளிலிருந்து பாகம் சேர்த்துக் கட்டிய வண்டியில் மெட்ரிக் பாகம் ஒன்று நுழைந்திருக்கும். எட்டில் மூன்று அங்குல யூஎன்எஃப் (அங்குல மரை) நட்டு, 10 மில்லிமீட்டர் மெட்ரிக் துளைக்குள் தளர்வாக நுழைந்து, பிடித்ததுபோல் பாவனை காட்டும். அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொண்டு வரும். கையால் திருகும்போதே ஆடுகிற நட்டை ஸ்பேனரால் இறுக்கிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது பெடலை உங்கள் முழுப் பலத்தோடு மிதித்து அரை நிமிடம் பிடியுங்கள். இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்க்கட்டும். ஈரம் பட்டால் தெரியும். மாஸ்டரின் பின்புறத்தில், பெடல் பக்கம் ரப்பர் மூடிக்குள் ஈரமா என்றும் விரலை விட்டுப் பாருங்கள். பிறகு ஆள் இல்லாத சமதளச் சாலையில் நடக்கிற வேகத்தில் தொடங்கி இருபது முறையாவது நிறுத்துங்கள். திரும்பி வந்து, பிரேக் நன்றாக ஆறியபின் பின் அட்ஜஸ்டரை இன்னொரு முறை பாருங்கள். புது ஷூ முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் அமர்ந்திருக்கும், பெரும்பாலும் ஒரு படி இறுக்க வேண்டிவரும். சாலைக்குக் கிளம்பும் முன் ஹேண்ட்பிரேக் தனியாக வண்டியை நிறுத்துகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கேபிளைத் தளர்த்தச் சொன்னது நான்தான்.